டர்போவின் இரண்டு சீட் கார்

சப்ரகமுவவில் மனிதனுடைய பொறுமையைச் சோதிப்பவை மூன்று: அட்டை, மண்சரிவு, டர்போ. அட்டைக்கு உப்புப் போடலாம். மண்சரிவுக்கு அரசாங்கத்தைத் திட்டலாம். டர்போவை என்ன செய்வது?

அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். கஹவத்தைப் பக்கத்தில் ரப்பரும் தேயிலையும் கலந்த எங்கள் தோட்டத்தில் அது ஒருவருக்கும் தெரியாது. எங்கள் லயத்து வரிசை வீடு ஒன்றில் பிறந்தவர். இரத்தினபுரிக்குப் போய் மாணிக்கக்கல் தரகரானார். கையில் காசு புரண்டதும் வீடு கட்டவில்லை, கல்யாணம் கட்டவில்லை. சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார்.

நல்ல வண்டிதான், பொய் சொல்லக்கூடாது. ஒருநாள் பெல்மதுளை ரோட்டில் என்னை ஏற்றிப் போனார். மிதித்தார் பாருங்கள், என் வயிறு பஸ் ஸ்டாண்டிலேயே நின்றுவிட்டது. குறுக்கே ஒரு மாடு வந்தது. மாடு பயப்படுவதற்குள் கார் நின்றுவிட்டது. அப்படி ஒரு பிரேக்.

ஆனால் தோட்டத்து ரோட்டில்? அடிப்பாகம் தரையிலிருந்து நாலு விரல் உயரம். ஒரு கல்லைக் கண்டால் நிற்கும், குழியைக் கண்டால் நிற்கும். கொழுந்துக் கூடையோடு போகிற பெண்கள், "என்னாங்க, தள்ளணுமா?" என்று கேட்டுவிட்டு முந்திப் போவார்கள். உள்ளே ஏற வேண்டுமானால் காலைக் கழுவ வேண்டும். கதவை மெதுவாகச் சாத்த வேண்டும். மேலே ஒரு கீறல் விழுந்தால் மனிதர் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்.

இந்த லட்சணத்தில் என் தங்கச்சி கல்யாணம் வந்தது. தோட்டத்தின் கீழ் டிவிசன் கோயிலில் முகூர்த்தம். சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு த்ரீவீல் எல்லாம் முன்னாடியே போய்விட்டன. பொண்ணுக்குப் பேசியிருந்த வேனைக் காணோம். பட்பட்டென்று சத்தம் கேட்டுத் திரும்பினால், மாலை போட்ட சிவப்புக் கார்.

"வேன்காரன வேணாம்னுட்டேன்" என்றார் டர்போ, பெருமையாக. "நம்ம புள்ள போய் வேன்ல போறதா?"

"யார கேட்டு சொன்னீங்க?"

"ஹரி ஹரி, சரி விடுங்க. பொண்ண ஏத்துங்க."

பட்டுச்சேலையோடு தங்கச்சியை அந்தப் பள்ளத்துக்குள் இறக்க மூன்று பெண்கள் தேவைப்பட்டார்கள். பிறகு, நல்ல காரியத்துக்குத் தேங்காய் உடைக்காமல் கார் நகரக்கூடாது என்றார் டர்போ. அவரே முன்சக்கரத்தடியில் ஓங்கி உடைத்தார். எலுமிச்சம்பழம் வைத்தார். சிதறிய சிரட்டையைப் பொறுக்குவோம் என்று நான் குனிவதற்குள் வண்டியை அதன் மேலேயே ஏற்றினார்.

கார் ஊர்ந்தது. நான் முன்னால் கல் பொறுக்கிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. டயரின் பக்கவாட்டில் தேங்காய்ச் சிரட்டைத் துண்டு ஒன்று குத்தி நின்றது.

"ஸ்பெயார் வீல எடுங்க!"

"ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்பெயார் வராதுங்க. பாரம் கூடிரும்ல."

சுற்றிலும் ரப்பர் மரம், எங்களுக்கு ஒரு டயர் இல்லை! கோயிலுக்குப் போன் அடித்தால் மேளச் சத்தத்தில் ஒருவரும் எடுக்கவில்லை. ரோடெல்லாம் கணுக்கால் சேறு. கல்யாணச் சேலையோடு பொண்ணு எப்படி நடப்பாள்? முகூர்த்தம் முடியப் போகிறது. தங்கச்சி சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள். எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். "ஒங்களால எந்தங்கச்சி வாழ்க்கையே போச்சு!" என்றுகூடச் சொன்னேன்.

டர்போ தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "தள்ளிக்கங்க" என்றார்.

மிதித்தார். காற்றுப் போன சக்கரத்தோடு, கல்லு, குழி, ஓடை ஒன்றையும் பார்க்காமல் அந்தக் கார் பறந்தது. அடிப்பாகம் பாறையில் உரசிய சத்தம் மலையில் எதிரொலித்தது. ஒரு திருப்பத்தில் பம்பர் கழன்று தேயிலைக்குள் விழுந்தது. நான் பின்னாலேயே ஓடினேன். வழியெல்லாம் சிவப்புத் துண்டுகள் கிடந்தன.

மூச்சு வாங்கக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறிவிட்டது. வாசலில் கார் மூக்குடைந்து கிடந்தது. ரிம் கோணல் மாணலாக நெளிந்திருந்தது. டர்போ அந்தப் பக்கமே திரும்பவில்லை. கதவோரத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"காரு போச்சேன்னு அழுகுறீங்களா?"

"அந்தச் சனியன விடுங்க. புள்ள சிரிச்சிச்சே, பாத்தீங்களா?"

அதற்கும் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் குடும்பப் படம் எடுக்க எங்களைக் கூப்பிட்டார்கள். "சட்டையெல்லாம் சேறுங்க" என்று பின்வாங்கியவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நிறுத்தினேன். படம் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. பொண்ணுக்குப் பக்கத்தில் சேறும் கிறீஸுமாக நிற்பவர் யார் என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். எங்க அண்ணன் என்று சொல்கிறேன்.