ஏழுமலை மச்சானின் படகு எஞ்சினை நான் பிரித்து மாட்டியது

பயங்களிலேயே மோசமானது, எதற்குப் பயப்பட வேண்டும் என்று நமக்கு மட்டும் தெரிந்திருப்பது. அந்தப் பயத்தை நான் நடுக்கடலில், என் மனைவியின் அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்து அனுபவித்தேன்.

எங்களுடையது காதல் கல்யாணம். நான் கடலூர்க் கிறிஸ்தவன். செல்வி கிள்ளைப் பக்கத்து மீனவக் குடும்பம். அப்பா இல்லாத அந்த வீட்டில் அண்ணன் ஏழுமலை வைத்ததுதான் சட்டம். கல்யாணமாகி வருஷம் ஒன்று ஆகியும் அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உள்ளே நுழைந்தால் அவர் வலை பார்க்கக் கிளம்பிவிடுவார். (அந்த வருஷம் அந்த வலைகளுக்கு நல்ல கவனிப்பு.)

அப்போது அவருடைய படகு எஞ்சின் புகை தள்ள ஆரம்பித்தது. காற்றிலேயே சூடு ஆறும் சின்ன டீசல் எஞ்சின். "அவரு மெக்கானிக்தானண்ணா, பிரிச்சு மாட்டிடுவாரு" என்று செல்வி சொல்லிவிட்டாள். நான் கார் சர்வீஸ் சென்டரில் வேலை செய்பவன். அங்கே கம்ப்யூட்டரைச் செருகினால் கார் தன் வியாதியைத் தானே சொல்லிவிடும். இதை நான் அவளிடம் அவ்வளவு விளக்கமாகச் சொன்னதில்லை.

பிரித்தேன். புது பிஸ்டன் வாங்கினேன். சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியை ஒழுங்காகவே அளந்தேன். பாக்கி ஒன்றுதான். பிஸ்டன் அடிவரை இறங்கும்போது அதன் கீழ் விளிம்பு எஞ்சினின் அடிக்கூடான கிராங்க்கேஸில் இடிக்காமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாட்டிய பிறகு அங்கே கண் போகாது. ஒரு உருண்டை சப்பாத்தி மாவை உள்ளே ஒட்டி, எஞ்சினைக் கையால் சுற்றி, மறுபடி கழற்றி, மாவு எவ்வளவு நசுங்கியது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஏழுமலை கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் மாமியாரிடம் போய், எஞ்சினுக்குச் சப்பாத்தி மாவு வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கையால் சுற்றினேன். சுற்றியது. மூடிவிட்டேன்.

"வாங்க, ஓட்டிப் பாப்போம்" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. எனக்கு நீச்சல் தெரியாது என்பதைக்கூட மறந்து ஏறிவிட்டேன்.

எஞ்சின் அருமையாக ஓடியது. கரை ஒரு கோடாகிவிட்ட பிறகு, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும், அடியிலிருந்து 'டக்' என்றது.

சூட்டில் இரும்பு விரியும். குளிர்ந்திருந்தபோது மயிரிழை இடைவெளி இருந்திருக்கலாம். இப்போது அதுவும் இல்லை. இனி விளிம்பு உடையும், பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு வளையும், கிராங்க்கேஸைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். என் முழங்கால் அதற்கு நேர் எதிரே இருந்தது.

ஏழுமலைக்கு அன்றைக்குப் பார்த்து மனம் திறந்துகொண்டது.

"எனக்கு உங்க மேல கோவம் ஜாஸ்தி மாப்ள. வேற சாமி கும்புடறவரு, கடலு தெரியாதவரு, இவர நம்பி எப்பிடின்னு."

டக்.

"ஆனா நீங்க எஞ்சின தொட்ட பக்குவத்தப் பாத்தேன். நம்பலாம்னு தோணிச்சு."

டக். டக்.

"அது என்ன சத்தம்?"

"புதுசு இல்ல மச்சான்... செட்டாவும்."

சட்டைப்பைக்குள் கையை விட்டு ஜெபமாலையை உருட்டினேன். பயத்தில் மணிகள் ஓடினவே தவிர ஜெபம் நினைவுக்கு வரவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்று அவர் வேகத்தைக் கூட்டினார். சத்தம் என் பல்லுக்குள் கேட்டது. எழுந்து, தடுமாறி, அவர் மடியிலேயே விழுந்து எஞ்சினை நிறுத்தினேன்.

கடல் திடீரென்று அமைதியானது. உண்மையைச் சொன்னேன், சப்பாத்தி மாவு உட்பட.

அவர் எஞ்சினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த எஞ்சின்தான் அந்த வீட்டின் சோறு.

"தெரிஞ்சேவா ஏறுனீங்க?"

"நீங்க மொத மொதல்ல பேசுனீங்க மச்சான். அதான்."

அவர் போனில் யாரையோ அழைத்தார். இன்னொரு படகு வந்து, எங்களைக் கயிறு கட்டி இழுத்துப்போனது. கரையில் பாதி ஊர் நின்றது. என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம் அவர், "டீசல் தீந்துபோச்சு" என்று மட்டும் சொன்னார். டீசல் கேன் அவர் கையிலேயே தளும்பிக்கொண்டிருந்தது.

மறுநாள் பிரித்தபோது பிஸ்டனின் விளிம்பு ஒரு பக்கம் வெள்ளி மாதிரித் தேய்ந்திருந்தது. உடையவில்லை. அளவு தப்பு என்று கடையில் மாற்றிக் கொடுத்த பிஸ்டனோடு நான் திரும்பி வந்தபோது, ஏழுமலை ஒரு தட்டில் மாவு உருண்டையுடன் உட்கார்ந்திருந்தார். மாமியாருக்குக் காரணம் சொல்லப்படவில்லை. "ரெண்டு பேரும் தனியா சமைக்கிறாங்க" என்று அவர் செல்வியிடம் வருத்தப்பட்டாராம்.

அதன்பின் ஏழுமலை என்னிடம் பேசாத நாள் இல்லை. ஆனால் அவர் வீட்டில் எந்தப் பொருள் ரிப்பேரானாலும் முதலில் என்னைச் சம்பந்தமில்லாத வேலைக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள்.

போன மாதம் ஸ்ரீமுஷ்ணத்தில் என் மகளுக்குக் காது குத்தினோம். தாய்மாமன் மடியில் குழந்தை அலறியது. எட்டிப் பார்க்கலாம் என்று நானும் குனிந்தேன்.

"ஆசாரி, ஒரு நிமிஷம் இருங்க" என்றார் ஏழுமலை. "மாப்ள, நீங்க போயி எல்லாருக்கும் காபி வாங்கியாங்க."