சம்மந்தியம்மாவுக்கு ஒரு 'ஸியா'

நேற்று எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. டோர்வல் ஏர்போட்டுக்குப் போய், மகளுக்கு மாமியாராக வரப்போறவவைக் கூட்டிக்கொண்டு வீட்டை வாறது.

பெடியன் பீட்டர் ஹங்கேரிக்காரன். தாய் இலோனா புடாபெஸ்டிலை இருந்து முதல்தரம் வாறா. பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு எடுத்தவ. கலியாணத்துக்கு இன்னும் முழுமனதா ஓம் எண்டு சொல்லேல்லை. எங்களைப் பாத்துப்போட்டுத்தான் சொல்லுவாவாம்.

பிள்ளையள் ரெண்டுபேருக்கும் வேலை. அதாலை பொறுப்பு என்ரை தலையிலை.

வெளிக்கிட முதல் மகள் ஷாமினி போனிலை சொன்னாள். "அப்பா, அவவைக் கண்டதும் 'ச்சோகொலொம்' எண்டு சொல்லுங்கோ. மூத்த பொம்பிளையளுக்கு அதுதான் மரியாதை. வேறை ஒண்டும் கதைக்க வேண்டாம்."

அதோடை விட்டிருக்கலாம். ஆனால் எந்தச் சொல்லைக் கண்டாலும் அது எங்கையிருந்து வந்தது எண்டு தோண்டாட்டி எனக்குச் சாப்பாடு இறங்காது. 'ஓகே' எங்கடை 'ஓகோ'விலை இருந்துதான் போனது எண்டு வட்ஸ்அப் குறூப்பிலை எழுதி, சொந்த மச்சானோடையே கதைபேச்சு இல்லாமல் இருக்கிறன்.

தேடிப் பாத்தன். ச்சோகொலொம் எண்டால் 'முத்தமிடுறன்'. முந்தி 'உங்கடை கையை முத்தமிடுறன்' எண்டு முழுசாச் சொன்னவையாம். பேந்து கையை விட்டிட்டு முத்தத்தை மட்டும் வைச்சிருக்கினம்.

"என்னப்பா தேடுறியள்?" குசினியுக்கையிருந்து மனிசி கேட்டா.

"ஒண்டுமில்லை."

சம்மந்தியம்மாவை முதல்முதல் காணேக்கை முத்தம் எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?

பீட்டர் தன்ரை கூட்டாளியளோடை போன் கதைக்கேக்கை 'ஸியா, ஹொவெர்' எண்டுதான் தொடங்குவான். அதையும் தோண்டினன். ஸியா 'ஸெர்வுஸ்' எண்ட சொல்லுக்குச் சொந்தமாம். அது லத்தீன், 'உங்கள் அடிமை' எண்டு பொருள். ஹொவெர் ஹீப்ருப் பக்கத்திலையிருந்து வந்தது, நண்பன். அடிமையும் நண்பனும். இதைவிட என்ன பணிவு வேணும்?

ஏர்போட்டிலை சாம்பல் கோட்டோடை, நிமிர்ந்த நடையோடை ஒரு அம்மா வந்தா. படத்திலை பாத்த அதே முகம். கையைத் தூக்கி எல்லாருக்கும் கேக்கச் சொன்னன்.

"ஸியா, ஹொவெர்!"

அம்மா நிண்ட இடத்திலையே நிண்டா. அவவுக்குப் பின்னாலை வந்த ஒரு பெடியன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிச்சான்.

காருக்கை ஏறி, "ஹீற்றர் ஓகேயோ?" எண்டு இங்கிலீசிலை கேட்டன். "ஓகே" எண்டா. அவ சொன்னது அவ்வளவுதான்.

நானாவது சும்மா இருந்தனோ? ஓகே எண்டது அமெரிக்கப் பேப்பர்காரர் 'எல்லாம் சரி' எண்டதைப் பகிடிக்குப் பிழையா எழுதிச் சுருக்கினது எண்டு அறிஞர்கள் சொல்லுறதையும், அதை நான் ஏன் ஏற்கேல்லை எண்டதையும் டொலார்டிலை இருக்கிற எங்கடை வீட்டுவாசல் வரைக்கும் விளங்கப்படுத்தினன்.

வீட்டை வந்ததும் அவ மகனோடை போனிலை கதைச்சா. கொஞ்சத்திலை ஷாமினி எனக்கு அடிச்சாள்.

"அப்பா, அவவை என்னண்டு கூப்பிட்டனீங்கள்?"

"மரியாதையாத்தான் பிள்ளை. உங்கள் அடிமை எண்டு..."

"அது 'டேய் மச்சான், எப்பிடி' எண்ட மாதிரி அப்பா. ஒரு அதிபரைப் பாத்து. ஹோட்டல் பாக்கச் சொல்லுறாவாம்."

அழுதிடுவாள் போலை இருந்தது. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாமல் பிள்ளையின்ரை கலியாணத்தைக் குழப்பிப்போட்டன்.

மனிசி மேசையிலை புட்டும் கறியும் வைச்சுக்கொண்டு நிக்க, இலோனாவுக்கு முன்னாலை போய் கண்ணை மூடிக்கொண்டு சொன்னன்.

"ச்சோகொலொம்."

"அப்பிடியெண்டா என்ன?" எண்டா மனிசி.

"பேந்து சொல்லுறன்."

இலோனா என்னை மேலையும் கீழையும் பாத்தா. "உங்களுக்கு என்ன வயது?"

"அறுபத்தாறு."

"எனக்கு அறுபத்தொண்டு. அது சின்னப்பிள்ளையள் கிழவியளுக்குச் சொல்லுறது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. பிள்ளை உங்கடை மகனிலை உயிரை வைச்சிருக்கிறாள். என்ரை வாயாலை அது குழம்பக்கூடாது" எண்டன்.

அவ கதிரையிலை இருந்தா. முதல்தரம் சிரிச்சா. "வெறும் ஹலோ போதுமே. அதுவும் எங்கடை ஹங்கேரிச் சொல்தானே."

"என்னது?"

"'ஹொல்லொம்' எண்டால் 'கேக்குது'. டெலிபோன் வந்த புதிசிலை எங்கடை ஆள் ஒருத்தர் சொன்னது. அதைத்தான் இங்கிலீஸ்காரர் எடுத்தவை."

நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டன். "இல்லை அம்மா. அது தமிழ்."

பிள்ளையள் வேலையிடத்திலை சொல்லிப்போட்டு ஓடிவந்து கதவைத் திறக்கேக்கை, நாங்கள் ரெண்டுபேரும் மேசையிலை தட்டித் தட்டி வாதாடிக்கொண்டிருந்தம். புட்டு ஆறிப்போச்சுது. ஷாமினிக்கு முகம் வெளிறிட்டுது. பீட்டர் பயந்து பயந்து தாயிட்டைக் கேட்டான், "அம்மா, கலியாணம்?"

இலோனா திரும்பிப் பாக்காமலே சொன்னா, "அது முடிவான விசயம். நீ கொஞ்சம் பேசாமல் இரு, இந்த ஹலோதான் இன்னும் முடிவாகேல்லை."