கட்டிங் மாஸ்டர் பூக்கேட்டது

இந்த ஜென்மத்தில் இனி ஓடுவதில்லை என்று கட்டிங் மாஸ்டர் அர்த்தநாரி சபதம் செய்தபோது, அவருடைய இரண்டு கால்களும் வெந்நீர் அண்டாவுக்குள் இருந்தன. சபதம் செய்யத் தோதான இடம். எழுந்து ஓட முடியாது.

டோக்கியோ ஒலிம்பிக் முடிந்து சூடு ஆறாத நேரம் அது. ரேடியோவில் செய்தி கேட்டவனுக்கெல்லாம் கால் ஊறிக்கொண்டிருந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு மராத்தான் ஓட்டம் வைத்தார்கள். பெருமாநல்லூரைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும். அவர் குடியிருந்த மண்ணரையில் தினமும் விடியலில் ஓடுகிற ஒரே மனிதர் அர்த்தநாரி. நாற்பது வயதில் தொப்பை இல்லாத ஒரே கட்டிங் மாஸ்டரும் அவர்தான். முதலாளி அவருக்கென்று புதுப் பனியன் தைக்கச் சொல்லி, நெஞ்சில் கம்பெனி பெயரைச் சிவப்பு எழுத்தில் அடித்துக் கொடுத்தார்.

"இது பனியன் இல்ல மாஸ்டர், நம்ம கம்பெனியோட மானம்" என்றார்.

மானம் பெருமாநல்லூர் வரை ரொம்ப ஜோராகத்தான் ஓடியது. பேண்டு வாத்தியச் சத்தத்தில் கிளம்பிய மனிதர், போலீஸ் துரத்துகிற மாதிரி ஓடி எல்லாரையும் முந்திவிட்டார். திரும்பும் வழியில் மானத்துக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. புளியமரத்தடியில் சாய்ந்துவிட்டார். அந்த வழியாக வந்த வேஸ்ட் பஞ்சு வண்டிதான் அவரை மூட்டைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தது. வண்டி பக்கத்து வீட்டு வியாபாரி ஹிதாயத்துல்லாவுடையது. மாடுகள் ஒரு காலத்தில் ரேக்ளா பந்தயத்தில் ஓடியவை. ஓடியவர்களில் ஒருவர்கூட வந்து சேருமுன் குறுக்குவழியில், ஓட்டம் முடிகிற மைதானத்துக்குள் புகுந்துவிட்டன.

சிவப்பெழுத்துப் பனியனைக் கண்டதும் முதலாளி கையை ஆட்டினார். வாத்தியம் முழங்கியது. மாலை விழுந்தது. கழுத்தில் மாலையோடு மூட்டைமேல் மல்லாந்து கிடந்த அர்த்தநாரியைப் பார்த்து, கூட்டத்தில் ஒரு அம்மாள், "ஐயோ சாமி, எத்தன புள்ளைங்களோ!" என்று ஒப்பாரியே வைத்துவிட்டாளாம். அன்று முதல் ஊரில் அவருக்கு மூட்டை மாஸ்டர் என்று பெயர்.

ஓடாத மனிதன் வீட்டில் என்ன செய்வான்? குறை கண்டுபிடிப்பான். குழம்பில் உப்பு, காப்பியில் ஈ, விளக்குமாற்றில் குச்சி என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி மயிலாள் ஒரு மாதம் பொறுத்தாள். பிறகு பேசினாள்.

"ஏனுங்க, நாளைக்கு வெடியால சும்மா கெணத்து மேடு வரைக்கும் ஓடிட்டு வாங்களேன்."

"ஓடமாட்டேன்."

"செரி, நடங்க."

"நடந்தாலும் சனம் சிரிக்கும்."

"ஊட்டுக்குள்ளயே உக்காந்திருந்தா மட்டும் சிரிக்காதுங்களா?"

"சிரிக்கும். எனக்குக் கேக்காதில்ல?"

"எனக்குக் கேக்குதுங்களே!" மயிலாளின் குரல் சட்டென்று இறங்கியது. "ஓடறப்ப நீங்க சிரிச்ச மொகமா ஊடு வந்து சேருவீங்க. இப்பக் கொழம்புச் சட்டிக்குள்ள தலைய உட்டுக்கிட்டு உக்காந்திருக்கறீங்க. எனக்கு என்ர பழைய ஊட்டுக்காரரு வேணுங்க."

அர்த்தநாரிக்கு என்னவோ செய்தது. உள்ளதைச் சொன்னால், அவருக்கும் ஓட ஆசைதான். விடியலில் மூளைக்கு முன்னால் கால் விழித்துக்கொள்ளும். ஆனால் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சனத்தை நினைத்ததும் போர்வைக்குள் மறுபடி சுருண்டுவிடும்.

"அப்பச் சாமிகிட்டயே கேட்டறலாங்க" என்றாள் மயிலாள். "வெள்ளிக்கெழம முருகங்கோயல்ல பூக்கேக்கலாம்."

அந்தப் பக்கத்தில் கல்யாணமா, கிணறு வெட்டுவதா, புது மிஷின் வாங்குவதா, எல்லாவற்றுக்கும் பூக்கேட்பது உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப்பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப்பூ. இரண்டையும் சாமி காலடியில் வைத்துக் கேட்க வேண்டியதைக் கேட்பார்கள். பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் கூடாது. அதற்குமேல் அப்பீல் கிடையாது.

"செவப்பு வந்துட்டா அப்பறம் ஓட்டத்தப் பத்தி நீ வாயே தொறக்கக் கூடாது" என்றார்.

"சாமி சொன்னாச் செரிங்க. பூவ நீங்களே வாங்கிப் பொட்டலங் கட்டிக் கொண்டாங்க. நாங் கட்டுனா சந்தேகப்படுவீங்க."

அர்த்தநாரியின் மனசுக்குள் அந்த இடத்தில் பேண்டு வாத்தியம் மறுபடி முழங்கியது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு முழம் மல்லிகையும் கைப்பிடி செவ்வரளியும் வாங்கிக்கொண்டு நேராக ஹிதாயத்துல்லாவின் குடோனுக்குப் போனார். வாழையிலையைக் கத்தரித்து இரண்டு பொட்டலம் கட்டினார். கட்டிங் மாஸ்டர் அல்லவா! முருகனே பிரித்துப் பார்த்தால் ஒழிய வித்தியாசம் தெரியாது. பிரித்துப் பார்த்தாலும் தெரியாது. இரண்டிலும் செவ்வரளி.

"மாஸ்டர், சாமி காரியத்துல கத்திரி போடாதீங்க" என்றார் ஹிதாயத்துல்லா கலவரத்தோடு.

"பாய், இது குடும்பக் காரியம். நீங்க வாயத் தொறக்காம இருந்தாப் போதும். இந்தாங்க, இந்த மல்லிகைய உங்க ஊட்ல குடுத்துருங்க."

"நானா? மூச்சு உடமாட்டேனுங்க!"

கோயிலுக்குக் கிளம்பும்போது மயிலாள் தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். வெற்றி நிச்சயமான மனிதனுக்கு மனைவி அழகாகத் தெரிவது இயற்கை. "பூ நல்லாருக்குது புள்ள, ஏது?" என்று தாராளமாகக் கேட்டார்.

"வந்துச்சுங்க" என்றாள்.

பூசாரி சாமியப்பன் பொட்டலங்களை முருகன் காலடியில் வைத்தார். கற்பூரம் காட்டினார். "கேளம்மிணி, என்ன கேக்கோணும்?"

அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டார். ஓடலாமா என்று கேட்பாள், சிவப்பு வரும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். மயிலாள் கைகூப்பிக் கணீரென்று கேட்டாள்.

"முருகா! எங்க ஊட்டுக்காரரு இனிமேல்ட்டு ஓடாம, ஊட்லயே சும்மா உக்காந்துக்கலாமுங்களா? உத்தரவு குடு சாமி!"

அர்த்தநாரி கண்ணைத் திறந்தார். வாயும் கூடவே திறந்துகொண்டது. அதற்குள் பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துவிட்டார்.

"செவப்புங்க! சும்மா உக்காரக் கூடாதுன்னு சாமி சொல்லீருச்சு!"

"அது... கேள்வி..." என்றார் அர்த்தநாரி.

"சந்தேகம்னா அந்தப் பொட்டலத்தையும் பிரிச்சுக் காட்டட்டுங்களா மாஸ்டர்?"

"வேண்டாம்! வேண்டாஞ்சாமி!" பாய்ந்து போய் அந்தப் பொட்டலத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். "சாமி வாக்குல சந்தேகப்படலாமுங்களா? தப்பு, தப்பு!" என்று கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார்.

வீடு வரும்வரை அவருக்கு உடம்பு சிலிர்த்துக்கொண்டே இருந்தது. பொட்டலத்தின் ரகசியம் தனக்கும் பாய்க்கும் மட்டும்தான் தெரியும். அப்படியிருக்கக் கேள்வியைத் திருப்பிப் போட்டது யார்? மயிலாளின் வாயில் உட்கார்ந்து பேசியது யார்? தன்னைப் போன்ற ஒரு அற்பக் கட்டிங் மாஸ்டருடைய கால் விஷயத்தில் முருகன் நேரிலேயே இறங்கி வந்துவிட்டான் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் விடியலில் ஓடினார். மயிலாள் வாசல்வரை வந்து, கிணற்று மேட்டோடு திரும்பச் சொன்னாள்.

"அவ்வளவுதானா? நான் பாலம் வரைக்கும்..."

"சாமி சும்மா உக்காராதீங்கன்னுதானுங்க சொல்லிச்சு. குதிரையாட்டப் பாயச் சொல்லல. மூச்சு வாங்குனா நடங்க. உத்தரவு இப்போதைக்குக் கெணத்து மேடுதான்."

முருகனிடம் மயிலாள் எப்போது மேனேஜராகச் சேர்ந்தாள் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் மீறப் பயமாக இருந்தது. டீக்கடையிலிருந்து, "மூட்ட வருதுடோய்!" என்று குரல் வந்தது. காது சுட்டது. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தார். சனத்துக்குப் பயந்த மனிதர் இப்போது சாமிக்கு அதைவிட அதிகமாகப் பயந்ததால் ஓட்டம் நிற்கவில்லை. நாலு நாள் கத்திப் பார்த்த டீக்கடை, பிறகு அலுத்துப்போய் டீயைக் குடித்தது. உத்தரவும் மெல்ல மெல்ல நீண்டது. கிணற்று மேடு போய் அரசமரம் வந்தது. அரசமரம் போய் ஒரு நாள் நொய்யல் பாலமும் வந்தது.

பாலத்தில் ஏறிய அர்த்தநாரி நின்றுவிட்டார். கீழே ஆற்றங்கரை முழுக்க, சலவை செய்த பனியன் துணியை விரித்துப் போட்டிருந்தார்கள். காலை வெயில் அப்போதுதான் அதன்மேல் விழுந்தது. இருபது வருசமாக மேஜைமேல் அடுக்கி வெட்டிய துணிதான். இப்படி ஒரு ஊரே வெளுத்துக் கிடப்பதை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. முன்பு இதே பாலத்தில் தினமும் ஓடியவர்தான், ஆனால் வேகத்தில் எதையும் கவனித்ததில்லை. கால் வலிக்கவில்லை. நெஞ்சு நிறைந்திருந்தது. முருகா, உன் கருணையே கருணை என்று கைகூப்பிவிட்டு, சிரித்த முகமாக வீட்டுக்கு ஓடினார்.

இவ்வளவு பெரிய அற்புதத்தை ஒருவரிடமாவது சொல்லாமல் எப்படி இருப்பது? மயிலாள் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"மயிலா, ஒண்ணு சொல்றேன், பயந்துக்காத. அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயுமே செவப்புத்தான். நான் செஞ்ச சதி. முருகன் அத்தத் தெரிஞ்சுக்கிட்டு, உன்ர வாயில வந்து கேள்வியத் திருப்பிப் போட்டுட்டான்! நெனச்சாலே சிலுக்குது, பாரு!"

மயிலாள் களித் துடுப்பை நிறுத்தவில்லை.

"தெரியுங்க."

"தெரியுமா! எப்படி? கனவுல வந்தானா?"

"இல்லீங்க. பக்கத்து ஊட்டு முனவர் பேகம் செவுத்துமேல வந்தாங்க. கையில மல்லிகப்பூ. அவங்க ஊட்டுக்காரர் கொண்டாந்து குடுத்தாராம். ஏதுன்னு கேட்டிருக்கறாங்க, பாய் எல்லாத்தையுஞ் சொல்லீட்டாரு. 'இது உனக்குச் சேர வேண்டிய பூ'ன்னு என்ர தலையில வெச்சு உட்டுட்டாங்க."

அர்த்தநாரி முருகன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மயிலாளைப் பார்த்தார். எந்தப் பக்கம் கும்பிடுவது என்று ஒரு நிமிஷம் அவருக்குத் தெரியவில்லை.

"அப்ப அன்னைக்கு உன்ர தலையில பூ நல்லாருக்குதுன்னு சொன்னனே, அது நான் வாங்குன மல்லிகதானா..."

"நல்லாத்தானுங்க இருந்துச்சு. ஒரு முழந்தான் பத்தல." மயிலாள் களியை உருட்டித் தட்டில் வைத்தாள். "அடுத்த வாட்டி என்னைய ஏமாத்தறப்ப ரெண்டு முழமா வாங்கிக் குடுங்க."