அளவுகோல் நுழைந்த அறை

மாடியில் இரண்டு அறைகள். எதற்குள் நுழைவது என்று தெரியாமல் கண்ணாடிக்காரர் படிக்கட்டு முடிகிற இடத்திலேயே நின்றுவிட்டார்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் ஊரார் கண்ணையெல்லாம் சோதித்து, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்பவர் அவர். கடையைச் சாத்திவிட்டுக் கைப்பேசியைத் திறந்தால் வேறு ஆளாகிவிடுவார். இணையத்தில் 'தெளிந்த சிந்தனை' என்றொரு குழு. ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பக்கூடாது, தன் கருத்து தப்பென்று தெரிந்தால் கூச்சப்படாமல் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது அங்கே சட்டம். தூக்கம், சதுரங்கம், பூனை வளர்ப்பு என்று எதைத் தொட்டாலும் அலசிக் காயப்போட்டுவிடுவார்கள். அதில் 'அளவுகோல்' என்ற பெயரில் எழுதுகிறவர் இவர்தான். இதுவரை யாரும் யார் முகத்தையும் பார்த்ததில்லை. இன்றைக்குத்தான் முதல் சந்திப்பு. நூலகத்து மாடி என்று சொன்னவர்கள், எந்த அறை என்று சொல்ல மறந்துவிட்டார்கள்.

கீழே போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யோசிக்கத் தெரிந்தவர் எதற்காகக் கேட்க வேண்டும்? இடது பக்கத்து அறையில் ஒரே கூச்சல். ஒருவர் வாயைத் திறந்தால் நாலு பேர் குறுக்கே பாய்ந்தார்கள். வலது அறையில் ஒருவர் மெதுவாகப் பேச, மற்றவர்கள் தலையாட்டிக் கேட்பது கதவிடுக்கில் தெரிந்தது. அறிவு எந்தப் பக்கம் இருக்கும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. வலது கதவைத் தள்ளினார்.

பேச்சு பட்டென்று நின்றது. வட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"நான்தான் அளவுகோல்," என்றார்.

"தெரியுதே," என்றார் தையல்கடை நடத்தும் ஓர் அம்மா. "வாங்க, உக்காருங்க. இந்தக் கூட்டத்தை ஆரம்பிச்சவங்க இன்னிக்கு வரல, அவங்க நாற்காலி காலியாத்தான் இருக்கு."

அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எழுத்தை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொள்கிறார்களே.

விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். தன் மகனிடம் குழம்பில் உப்பு கம்மி என்று சொன்னாராம். எதோடு ஒப்பிட்டால் கம்மி என்று கேட்டானாம் மகன். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். பெருமூச்சு எதற்கு என்று கண்ணாடிக்காரருக்குப் பிடிபடவில்லை. இதுவும் ஏதோ பயிற்சி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"நல்ல கேள்விதானே," என்றார்.

ஓட்டுநர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். விளக்கம் போதவில்லை போலும் என்று தோன்றவே, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரை அழைத்து மூன்று பேருக்குக் குழம்பைச் சுவைக்கக் கொடுத்து, சராசரி எடுப்பதுதான் முறை என்று விரிவாகச் சொன்னார். ஓரத்தில் இருந்த நர்ஸ் பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று கண் சோதிக்கிறவருக்கே கண்டுபிடிக்க முடியவில்லை.

தையல்காரம்மா பேச்சை மாற்றினார். "உங்க வீட்ல யாரு?"

வீட்டில் தெளிவில்லாதவர் யார் என்று கேட்பதாக அவர் எடுத்துக்கொண்டார். "என் மனைவிதான்," என்றார் தயங்காமல். அவளுக்கு மனசு சொன்னால் போதும், கணக்கு வழக்கு எதுவும் வேண்டாம், நான்தான் பூமாதேவி மாதிரி பொறுத்துப் போகிறேன் என்று அடுக்கினார். ஓட்டுநருக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. தான் சொன்னது அவ்வளவு உருக்கமாக இருக்கும் என்று கண்ணாடிக்காரர் எதிர்பார்க்கவில்லை.

"இப்பல்லாம் அவங்க உங்ககிட்ட பேசறாங்களா?" என்று கேட்டாள் நர்ஸ். அவள் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

கண்ணாடிக்காரர் யோசித்துப் பார்த்தார். முன்பெல்லாம் தட்டை வைத்ததும் மனைவி பேச ஆரம்பிப்பாள். கடைத்தெருவில் யாரைப் பார்த்தாள், யார் என்ன சொன்னார்கள் என்று மூச்சு விடாமல் வரும். இப்போது, சாப்பாடு எடுத்து வைத்திருக்கிறேன் என்பதோடு சரி. அதைத்தான் அவர் நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

"வீடு அமைதியாத்தான் இருக்கு," என்றார். சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது. "ஒரு நாள் காலைல ஒரு கனவு கண்டேன்னு சொல்ல வந்தா. கனவுக்கெல்லாம் அர்த்தம் கிடையாதுன்னு சொல்லிட்டேன். என்ன கனவுன்னு கேக்கவே இல்ல."

இந்த முறை யாரும் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. தையல்காரம்மா தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. "அமைதின்னா என்னன்னு முதல்ல வரையறுங்க. அப்புறம் அமைதியா இருக்கலாம்."

கண்ணாடிக்காரர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். வரையறுக்காமல் வாய் திறக்காத ஆள் அவர் குழுவில் ஒருவர் உண்டு. அது அவரேதான். அவரைப் பார்த்துப் பழகிய குழுதான் அந்தப் பக்கம் இருக்கிறது.

"அப்ப இது என்ன கூட்டம்?" என்றார், குரலே எழும்பாமல்.

"அந்த ரூம்ல இருக்கறவங்களோட குடும்பம் நடத்தறவங்க கூட்டம்," என்றார் ஓட்டுநர். "மாசத்துல ஒரு நாள் மனசு விட்டுப் பேசிக்கறோம்."

கண்ணாடிக்காரர் எழுந்துவிட்டார். தெரியாமல் நுழைந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று தடுமாறினார். கதவு வரைக்கும் போனவர் திரும்பி வந்து, இங்கே பேசியது எதுவும் தன் மனைவி காதுக்குப் போய்விடக்கூடாது என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்களே தவிர, சரி என்று யாரும் சொல்லவில்லை. போகட்டும், இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அளவுகோல் என்ற பெயர் மட்டும்தானே, அது யார் வீட்டுக்காரர் என்று எப்படித் தெரியப்போகிறது என்று தன்னைத் தேற்றிக்கொண்டு கதவைத் திறந்தார்.

வெளியே நூலகத்து ஆயாம்மா, கையில் தேநீர் பிளாஸ்க்கோடு நின்றிருந்தார். அவரைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, நீங்களா சார். உங்க வீட்டம்மா இந்தக் கூட்டத்தை ஆரம்பிச்ச அன்னிக்கு எல்லாருக்கும் காட்டின போட்டோவுக்கு, நேர்ல கொஞ்சம் பரவாயில்லாமத்தான் இருக்கீங்க."