விலகாத வெள்ளைக் கார்

"சார், நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு வெள்ளைக் கார் புகுந்துருச்சு!" என்று போனில் அலறினாள் உதவியாளர் பெண்.

பொறியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. முன்னால் அவருடைய கார் போகும். அது காற்றிலேயே அனுப்பும் சேதியைக் கேட்டு, பின்னால் அவளுடைய கார் தானாக ஓடிவரும். இவர் நின்றால் நிற்கும், திரும்பினால் திரும்பும். நாலு வருட உழைப்பு. சாலையில் ஓட்டிப் பார்க்க இன்றுதான் அனுமதி கிடைத்திருந்தது.

கண்ணாடியில் பார்த்தபடி இடப்பக்கம் திரும்பினார். வெள்ளைக் காரும் திரும்பியது. வேகத்தைக் குறைத்தார். அதுவும் குறைத்தது.

"போச்சு! யாரோட வண்டியோ நம்ம பேச்சைக் கேக்குது. வெளிய தெரிஞ்சா அனுமதியே போயிடும்!"

"'விலகு'ன்னு ஒரு சேதி அனுப்புங்க சார்."

அனுப்பினார். உதவியாளரின் கார் சமர்த்தாக விலகிப் பக்கத்துத் தெருவுக்குள் போய்விட்டது. வெள்ளைக் கார் மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டே வந்தது.

"ஐயோ சார், நான் எங்கயோ போய்ட்டிருக்கேன்!"

"இரும்மா, 'பின்னால வா'ங்கற சேதியைக் கொஞ்சம் பலமா அனுப்பறேன். உன் வண்டிக்குக் கேக்கும்."

கேட்டது. அவள் கார் அரக்கப்பரக்கத் திரும்பி வந்தது. எதிர்ச்சாரியில் போன ரொட்டி வேனுக்கும் கேட்டுவிட்டது. அதிலும் ஏதோ கருவி இருந்திருக்க வேண்டும். "ஏய், எங்க போற?" என்று தன் வேனையே திட்டிக்கொண்டு அதன் ஓட்டுநரும் வரிசையில் வந்து சேர்ந்தார்.

ரவுண்டானாவைச் சுற்றினால் யாராவது கழன்றுகொள்வார்கள் என்று பொறியாளர் கணக்குப் போட்டார். மூன்று சுற்று சுற்றியும் ஒருவரும் கழலவில்லை. ஊர்வலம் என்று நினைத்து நடைபாதையில் நின்றவர்கள் கையசைத்தார்கள்.

வேறு வழியில்லாமல் ஓரமாக நிறுத்தினார். நாலு வண்டிகளும் அளவெடுத்தாற்போல் நின்றன.

வெள்ளைக் காருக்குள் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. முகமெல்லாம் வியர்வை, வாயெல்லாம் சிரிப்பு.

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்று கும்பிட்டார் பொறியாளர். "எங்க கருவிதான் உங்க வண்டியை இழுத்துக்கிட்டு வந்துருச்சு."

"கருவியா? இதுல பாட்டு கேக்க ரேடியோகூடக் கிடையாதே சார்! இன்னிக்குத்தான் முதல் தடவையா தனியா ஓட்டறேன், 'முன்னால போறவர் என்ன செய்யறாரோ அப்படியே செய்'னு எங்க வீட்டுக்காரர் சொல்லி அனுப்பினாரு. ரவுண்டானா சுத்தறதை மூணு தடவை இவ்வளவு பொறுமையா வேற யாரு சொல்லிக் குடுப்பாங்க!"