வெள்ளத்தில் ஓதிய மழை துஆ

அன்புள்ள நெர்மின் அக்காவுக்கு, ஜெர்மனியிலிருந்து தம்பி சபாஹத்தின் ஸலாம் கூறி எழுதுவது. இறைவன் கிருபையால் நான் நலம். பள்ளிவாசலின் அடித்தளத்தில் மட்டும் முழங்கால் அளவு தண்ணீர்.

என்னைப் போல் இங்கே வந்த இமாம்களுக்குச் சம்பளமும் வெள்ளிக்கிழமைப் பிரசங்கமும் நம் நாட்டுத் தலைநகரிலிருந்தே வருவது உனக்குத் தெரியும். அங்கே வறட்சி என்று எல்லாப் பள்ளிவாசல்களுக்கும் மழை கேட்டு ஓதும் துஆவை அனுப்பிவிட்டார்கள். இங்கேயோ ஒன்பது நாளாக அடைமழை. ஊரே ஆற்றங்கரையில் மணல் மூட்டை அடுக்குகிறது. மேலிடத்துக்குப் போன் போட்டேன். "இமாமே, வந்ததை வாசிங்க. வானிலை உங்க வேலை இல்ல" என்றார்கள். வாசித்தேன். மூட்டை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ஹில்டகுண்ட் அம்மா வாசலில் நின்றிருக்கிறாள். தேநீர் போடுகிற ரிஃபாத்துக்கு வாய் சும்மா இருக்குமா? "இன்னும் பலமா கொட்டச் சொல்லிக் கேக்கறாரு" என்று அவளுக்கு மொழிபெயர்த்துவிட்டான்! மறுநாள் பத்திரிகையில் வந்துவிட்டது. மேயர் புகார் எழுத, இந்த அரசு நம் தூதரை அழைத்து விளக்கம் கேட்க, நம் அரசு இவர்கள் தூதரை அழைத்து "துஆவில் தலையிடாதீர்கள்" என்று கடிந்துகொள்ள, நடுவில் என் விசா அப்படியே நின்றுபோனது.

விசாரிக்க வந்த இந்த நாட்டு அதிகாரி அன்னெக்ரெட் சின்னப் பெண். "இதை எழுதினது யாரு?" என்றாள்.

"மேலேருந்து வருதும்மா."

"மேலேன்னா, கடவுள்கிட்டேருந்தா?"

"இல்லம்மா, ஆபீஸ்லேருந்து."

"நீங்களா கேட்டா என்ன கேப்பீங்க?"

அக்கா, பதினோரு வருஷத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. எனக்கே தெரிந்துகொள்ள ஆசையாகிவிட்டது. அடுத்த வெள்ளி, வந்ததை வாசித்து முடித்ததும், "ரப்பே, எங்க நாட்டு வயலுக்கு மழை கொடு, இந்த ஊர் ஆத்தை அடக்கு" என்று நானாகச் சேர்த்தேன். அப்படியொரு ஆமீனை நான் கேட்டதே இல்லை. ரப்பர் பூட்ஸோடு வாசலில் நின்ற ஹில்டகுண்ட் அம்மாகூட ஆமென் என்றாள்.

உடனே மேலிடம், "யார் சொல்லிச் சேர்த்தீங்க?" என்றது. அன்னெக்ரெட்டும், "உண்மையைச் சொல்லுங்க, இதை எழுதிக் கொடுத்தது யாரு?" என்கிறாள். நானேதான் என்றால் இருவரும் நம்பவில்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் இரண்டு அரசும் ஒத்துப்போயின!

போதும் அக்கா. ராஜினாமா எழுதிவிட்டேன். மாதக் கடைசியில் நம்மூர் சாங்கிரிக்கே வந்துவிடுவேன். பின்னறையைக் காலி செய்து வை. மச்சானுக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு முத்தம். அல்லாஹ் உங்கள் வயலையும் மனதையும் குளிர வைப்பானாக.

உன் தம்பி,
சபாஹத்தின்

பி.கு.: அறையைக் காலி செய்யாதே. அடுத்த வாரப் பிரசங்கம் இப்போதுதான் வந்தது. இரு நாட்டு நல்லுறவுக்காக, வெளிநாட்டிலுள்ள நம் பள்ளிவாசல் எல்லாவற்றிலும் என் வரியைத்தான் வாசிக்க வேண்டுமாம். ஆறே இல்லாத ஊர் இமாம் ஒருவர் போன் போட்டு, "எந்தப் புத்திசாலி எழுதினது இது?" என்று கத்துகிறார். எனக்கென்ன தெரியும் என்றுவிட்டேன்.