ரத்தினம்மா தட்டு இறால்

அந்த ஞாயிற்றுக்கிழமை மருதப்பன் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். இன்றைக்கு அடுப்பு தன் ஆட்சியில்.

சும்மா இல்லை இது. மனுஷர் கப்பல்துறையில் கிரேன் ஓட்டுகிறவர். இரண்டு டன் சரக்கைப் பூ மாதிரி இறக்கிவைப்பார். வீட்டில் மட்டும் சாப்பிட்ட தட்டைக்கூடத் தூக்கினது கிடையாது. சிராங்கூன் ரோட்டுச் சந்தில், அந்த மாடி அறைக்குக் குடிவந்த நாளிலிருந்து எல்லாம் ரத்தினம்மா ராஜ்ஜியம்.

அந்த ராணி இப்போது கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பும்போது டாக்டர் இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே மருந்து வேணாம். ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்க" என்றார். அந்தப் பேச்சின் அர்த்தம் மருதப்பனுக்கு விளங்கிவிட்டது. ஆனால் வெளியே வந்து, "உனக்கு நல்லாயிருச்சாம் புள்ள, அதான் அனுப்பிட்டாங்க" என்று பல்லைக் காட்டினார்.

வீட்டுக்கு வந்தும் கஞ்சி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அவள் ஒரு வேளை ருசித்துச் சாப்பிட்டுவிட்டால் டாக்டர் சொன்னது பொய்யாகிவிடும் என்று இவராகவே நினைத்துக்கொண்டார். நினைப்பைத் தவிர அவர் கையில் வேறு என்ன இருந்தது?

அவளுக்கு ஆசையான பண்டம் கெராபு. அதில் சந்தேகமே இல்லை. பக்கத்து அறை அஸ்மத் கற்றுக்கொடுத்த மலாய்க்காரச் சமையல். வெந்த இறால், கணவாய், பச்சை மாங்காய், அன்னாசி எல்லாவற்றையும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் மிளகாயும் அரைத்த சம்பலில் பிசறிவைத்தால் நாக்கு தானாக வெளியே வரும். ஞாயிறு தவறாமல் செய்வாள்.

அந்த ஞாயிறுகளில் மருதப்பனுக்கு ஒரு ரகசியம் உண்டு. பாதிச் சாப்பாட்டில் ரத்தினம்மா தண்ணீர் மொள்ள எழுந்து போவாள். உடனே கிரேன் கொக்கி மாதிரி இவருடைய இரண்டு விரல் அவள் தட்டுக்குள் இறங்கும். ஆகப் பெரிய இறாலாகப் பார்த்துத் தூக்கிவந்துவிடும். திரும்பி வந்தவள் தட்டை எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். "என் வீட்டுக்காரி ஒரு அப்பாவிடா" என்று கூட்டாளி முத்துசாமியிடம் சொல்லிச் சொல்லி மீசையை முறுக்கியிருக்கிறார்.

'இன்னிக்குக் கொக்கி இறங்காது. எல்லா இறாலும் அவளுக்குத்தான்.' தேக்கா மார்க்கெட்டில் விரல் பருமன் இறாலாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

அறைக்கு வெளியே நடையில்தான் கரி அடுப்பு. பெலாச்சானைச் சுட்டதும் மாடி முழுக்கப் புகை.

"என்னங்க, அங்க என்ன தீயுது?" உள்ளேயிருந்து ரத்தினம்மா குரல்.

"ஒண்ணுமில்ல புள்ள. பெலாச்சான் சுடுறேன்."

"சுடுறீங்களா, கொள்ளி வைக்கிறீங்களா?"

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. மருதப்பன் கரியைக் கிளறினார்.

அஸ்மத் தலையில் போட்ட முக்காட்டோடு ஓடிவந்தாள். "அண்ணே, தள்ளுங்க லா! மாடி எரியுதோன்னு பயந்துட்டேன்."

"நீ போ அஸ்மத். இன்னிக்கு என் கையாலதான்."

"இறாலை இன்னுமா எடுக்கலை?" மறுபடியும் உள்ளேயிருந்து. "நிறம் மாறினதும் எடுத்துருங்க. இல்லாட்டி ரப்பராயிரும். லாரிக்கு டயர் போடலாம்."

அவசரமாக எடுத்தார். கையைச் சுட்டுக்கொண்டார். அன்னாசியின் கண்களை நோண்டப் போய்ப் பாதிப் பழத்தை நோண்டிவிட்டார். இந்தக் குரல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று ஒரு நினைப்பு வந்தது. மூக்கை உறிஞ்சினார்.

"என்னங்க, அழுறீங்களா?"

"சேச்சே. மிளகாய்க் காரம்."

"மிளகாய்க் கூடை இங்க என் கட்டிலுக்கு அடியில இருக்கு. நீங்க இன்னும் எடுக்கவே இல்லையே."

அசடு வழிந்துகொண்டே உள்ளே போய்க் குனிந்து கூடையை எடுத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒருவழியாகக் கெராபு தயாராயிற்று. கட்டிலோரம் முக்காலியில் இரண்டு தட்டு. அவள் தட்டில் இறால் மலை. இவர் தட்டில் மாங்காயும் அன்னாசியும் நாலு கணவாய்த் துண்டும்.

தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தவள் ஒரு அன்னாசித் துண்டை நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள்.

"உப்பு சரியா இருக்கு. நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. கொஞ்சம் தண்ணி கொண்டாங்க."

நடைக்கோடிப் பானையில் செம்பை முக்கிக்கொண்டு ஓடிவந்தார். அவள் தட்டைப் பார்த்தார். ஒரு இறால்கூட இல்லை!

செம்பை முக்காலியில் வைத்துவிட்டு நடைக்கு ஓடினார். "அஸ்மத்! சாப்பிட்டுட்டா! எல்லாத்தையும் சாப்பிட்டுட்டா!"

அஸ்மத் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

டாக்டரையே தோற்கடித்த மிடுக்கோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். தன் தட்டில் கைவைத்து ஒரு பிடி அள்ளினார். மாங்காய்க்கு அடியில் இறால். அன்னாசிக்கு அடியில் இறால். மொத்த மலையும் இங்கே இடம் மாறியிருந்தது.

"ரத்தினம்..."

"எனக்கு இறங்கலைங்க. நீங்க சாப்பிடுங்க."

"இதை எப்போ புள்ள மாத்தினே?"

"நீங்க தண்ணிக்குப் போனப்போ."

இரண்டு விரலில் ஒரு இறால் அப்படியே தொங்கியது. மருதப்பன் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"அப்படின்னா, இத்தனை வருஷமா நீ..."

"எடுத்து வச்சா, 'எனக்கு வேணாம், நீ தின்னு'ன்னு தள்ளிவிடுவீங்க. திருடினாத்தான் உங்களுக்கு ருசிக்கும்."

இறாலை வாயில் போட்டார். மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கண்ணில் நீர் முட்டியது. நல்லவேளை, இந்தத் தடவை மிளகாய் போட்டிருந்தார்.

"காரம் கூடிப்போச்சு புள்ள."

"தெரியுது. தண்ணி குடிங்க." ரத்தினம்மா செம்பை அவர் பக்கமாக மெல்லத் தள்ளினாள். "எனக்கு எந்த ஞாயித்துக்கிழமையும் தாகம் எடுத்ததே இல்லை."